மூடிய அறைக்கு வெளியே

நீதிமன்றத்தில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. குடும்ப நீதிமன்றத்தின் முதல் மாடியில், நீதிபதியின் அறை வாசலில் நின்று வழக்கு எண்ணைக் கூப்பிடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வாசல், அதே ஸ்டூல். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், தாழ்வாரத்தின் கோடியில் கண்ணயர்ந்தவர் துள்ளி எழுவார். கீழே டீ குடிக்கப் போன வக்கீல் பாதி டம்ளரை வைத்துவிட்டு மூச்சிரைக்க மாடியேறுவார். ஒலிபெருக்கி வாங்க வேண்டும் என்று யாரோ எழுதிய கடிதத்தை, வெண்கலம் இருக்கும்வரை அந்தச் செலவு வேண்டாம் என்று பழைய நீதிபதி ஒருவர் கிழித்துப் போட்டாராம். இந்தக் கதையை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

கதை சொல்வதில் அவருக்கு அவ்வளவு ஆசை. அதற்குத் தீனியும் அந்த வாசலிலேயே கிடைத்தது.

சில வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள். பட்டியலில் பெயர் இருக்காது, எண் மட்டும். சம்பந்தப்பட்டவர், வக்கீல், நீதிபதி, சுருக்கெழுத்தர் தவிர ஒரு ஈ காக்கை உள்ளே இருக்கக் கூடாது. என்ன பேசினார்கள் என்பது வாசலில் நிற்கிறவருக்கும் தெரியக் கூடாது என்பது சட்டம். ஆனால் கதவுக்கு மேலே இருந்த வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடி உடைந்து பல வருடமாகிவிட்டது. ஸ்டூலை இரண்டடி இடப்பக்கம் தள்ளிப் போட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டால் உள்ளே தும்முவதுகூடக் கேட்கும். கண்ணாடி மாற்றச் சொல்லி அவர் ஒரு நாளும் எழுதிக் கொடுத்ததில்லை.

"மத்தவங்களுக்குச் சம்பளம் மட்டும்தான். எனக்குச் சம்பளத்தோட சினிமாவும் ஃப்ரீ" என்பார் வீட்டில்.

சாயங்காலம் ஆறரைக்கு வந்து, குளித்து, ஏழரைக்குச் சாப்பிட உட்கார்ந்தால் அன்றைய படம் ஓட ஆரம்பித்துவிடும். மாமியாரின் அழுகை, மருமகனின் திக்கல், ஜீவனாம்சம் கேட்க வந்தவள் மூக்கைச் சிந்தும் விதம் எல்லாம் அப்படியே வரும். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளுக்கு அந்த அரைமணி நேரம்தான் சிரிப்பு. ஒரே மகள். பதினோராம் வகுப்பு. அவளும் சிரிப்பாள். நடுவில் கேள்வி கேட்பாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் சொன்ன கதை, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியுடையது. வயிற்றில் பிள்ளை. பெற்றவர்கள் கலைக்கச் சொல்கிறார்கள், அவள் மாட்டேன் என்கிறாள். மகளைக் கட்டாயப்படுத்த உத்தரவு கேட்டு அப்பாவும் அம்மாவும் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டார்கள்.

"ஜட்ஜம்மா ஒரே போடா போட்டாங்க. 'பெத்தவங்க சம்மதம் குடுக்கலாம். கட்டாயப்படுத்த முடியாது. அவ வேண்டாம்னா எந்த டாக்டரும் அவளைத் தொட முடியாது'ன்னுட்டாங்க. அந்த ஆளு மூஞ்சியப் பாக்கணுமே!"

"இது என்ன கூத்து?" என்றாள் மனைவி. "பெத்தவங்களுக்கு ஒரு பேச்சு இல்லையா?"

"இன்னும் கேளு. அவளுக்குக் கலைக்கணும்னு இருந்தா அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். யாராவது ஒருத்தர்கிட்ட கேக்க முடியலன்னா நேரா ஜட்ஜ்கிட்ட போகலாம். ஜட்ஜு மூணே நாள்ல முடிவு சொல்லியாகணும். வீட்டுக்குத் தெரியவே தெரியாது. பதினெட்டு வயசு ஆகாத கழுதைக்கு எவ்வளவு உரிமை பாரு!"

அதோடு விட்டிருக்கலாம். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வயிற்றில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் துப்பட்டாவால் மறைத்தபடி தலைகுனிந்து நடந்ததை நடந்து காட்டினார். மனைவிக்குப் புரையேறிவிட்டது. பிறகு உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"நம்ம வீட்ல இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு வை, சட்டமும் கிடையாது, ஜட்ஜும் கிடையாது. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடுவேன்."

"அவ பேர் என்னப்பா?" என்று மகள் கேட்டாள்.

"பேர் யாருக்குத் தெரியும்? நம்பர்தான். இருபத்தேழு."

மறுநாள் வேறு கதை. அவருக்கு இருபத்தேழு மறந்துபோனது.

நகரத்தில் குடும்ப நீதிமன்றங்கள் இரண்டு. பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது இன்னொன்று. அங்கிருந்த நீதிபதிக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய், அவசர வழக்குகளை எல்லாம் மூட்டை கட்டி இங்கே அனுப்பிவைத்தார்கள். அன்று காலை வெண்கலத்தின் கையில் வந்த பட்டியல் வழக்கத்தைவிட ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. "கோடு போட்ட இடத்துல எல்லாம் அவங்க ஃபைலு. பாத்துக் கூப்பிடுங்க" என்றார் சுருக்கெழுத்தர்.

பதினோரு மணி வாக்கில் பதினான்காம் எண் வந்தது. பக்கத்தில் 'மூடிய அறை' என்று சிவப்பு மையில் இருந்தது. வெண்கலம் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு தாழ்வாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எண் பதினாலு! பதினாலு வரலாம்!"

கடைசி பெஞ்சிலிருந்து கறுப்புக் கவுன் போட்ட வக்கீலம்மா ஒருவர் எழுந்தார். பக்கத்தில் ஒரு பெண். முதுகில் பள்ளிக்கூடப் பை. அந்தப் பையின் வார் அறுந்து, போன மாதம்தான் நைலான் நூலால் தைத்திருந்தது. தைத்தது அவர் மனைவி. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அவர்.

முதலில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகள் எதற்கு இங்கே வந்தாள், சாவியை மறந்துவிட்டாளா, அவளுக்கு இன்று பள்ளிக்கூடம் உண்டே என்றுதான் நினைத்தார். சாவிக்காகத் தன் சட்டைப் பையைத் தடவிக்கூடப் பார்த்தார். அதற்குள் அவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். வக்கீலம்மா பட்டியலில் பதினாலைத் தொட்டுக் காட்டி, "நாங்கதான்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. வெண்கலம் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பது கண்ணிலேயே தெரிந்தது.

மகள் அவரைப் பார்த்தாள். அழவில்லை. உதடு வெளுத்திருந்தது. "அப்பா" என்று கூப்பிடுவாள் என்று காத்திருந்தார். அவள் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கதவைத் திறந்துவிட வேண்டியது அவர் வேலை. திறந்துவிட்டார். இருவரும் உள்ளே போனார்கள். சாத்த வேண்டியதும் அவர் வேலைதான்.

ஸ்டூல் கதவுக்கு நேராக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மூடிய அறை வழக்கு என்றால் வாசலில் நிற்கிறவர் பத்தடி தள்ளிப் போய்விட வேண்டும். போகத்தான் நினைத்தார். ஆனால் கால் ஸ்டூலை இடப்பக்கம் தள்ளியது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், அதற்கு வேளை பொழுது தெரியவில்லை.

"மேடம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்று வக்கீலம்மாவின் குரல் கேட்டது. "வாசல்ல நிக்கிறவர்தான் இவளோட அப்பா."

உள்ளே காகிதம் புரட்டும் சத்தம். பிறகு நீதிபதி கேட்டார்: "இவ அந்தக் கோர்ட்டுலதானே மனு போட்டிருந்தா?"

"அவர் இங்க இருக்கார்னுதான் அங்க போட்டோம். ஃபைல் இங்க வந்துட்டுதுன்னு நேத்துதான் சொன்னாங்க. தள்ளிப் போட வழியில்ல மேடம். இன்னும் அஞ்சு நாள் போனா, கலைக்கிறதுக்குச் சட்டம் குடுத்திருக்கிற வாரக் கெடு முடிஞ்சிடும். தெரிஞ்சுதான் வந்தா. பஸ்ஸுல வரும்போது என் கைய விடவே இல்ல."

 வெண்கலத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். எவன் அவன்? எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம்? கதவை உதைத்துத் திறந்து, பையோடு சேர்த்துத் தரதரவென்று இழுத்துப் போய்விடலாம் என்று கை கைப்பிடிவரை போனது. அதைத் தடுத்தது பாசமும் இல்லை, சட்டமும் இல்லை. தாழ்வாரத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்ப்பார்களே என்ற எண்ணம்தான் தடுத்தது. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கூசும்.

"உக்காரும்மா. தண்ணி குடி" என்றார் நீதிபதி. "இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு உனக்கு யார் சொன்னாங்க? ஸ்கூல்லயா?"

"அப்பாதான்."

"அப்பாவா?"

"எங்ககிட்ட கதையா சொன்னாங்க. சாப்பிடும்போது. இங்க வந்த ஒரு பொண்ணைப் பத்தி."

 சுருக்கெழுத்தர் தொண்டையைச் செருமினார். வெண்கலத்துக்குச் சுவர் சுட்டது மாதிரி இருந்தது, முதுகை எடுத்தார். எடுத்தும் எழுந்து போகவில்லை.

"சரி. அம்மா கையெழுத்து இதுல இருக்கு" என்றார் நீதிபதி மெதுவாக. "அப்ப அம்மாவுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"அப்பா கையெழுத்துதான் இல்ல. இப்ப அவர் உன்னைப் பாத்துட்டார். எப்படியும் தெரிஞ்சுபோச்சு. அவரை உள்ள கூப்பிட்டா ஒரு கையெழுத்தோட வேலை முடிஞ்சிடும். கூப்பிட்டுத்தான் ஆகணும்னு இல்ல. சட்டப்படி அது உன் இஷ்டம். என்ன சொல்ற, கூப்பிடட்டுமா?"

வெண்கலம் எழுந்து நின்றுவிட்டார். சட்டைப் பொத்தானைச் சரி செய்தார், கையால் தலையைக் கோதிக்கொண்டார். ஊர் உலகத்தையெல்லாம் கூப்பிட்டே பழகியவர், தன்னை ஒருத்தர் கூப்பிட மாட்டார்களா என்று கதவைப் பார்த்தபடி நின்றார். கூப்பிட்டால் போட்டுவிடலாம்.  அந்த ஒரு கணத்தில் அவர் எதற்கும் தயாராக இருந்தார்.

"வேண்டாம் மேடம்" என்றாள் மகள்.

"ஏம்மா? அடிப்பாரா?"

"ஐயோ, இல்ல. ஒரு தடவைகூட அடிச்சதில்ல. எங்கப்பா நல்லவங்க."

"அப்புறம்?"

 நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு அவள் பேசியது மிகவும் மெதுவாக இருந்தது. வேறு யாராவது அந்த ஸ்டூலில் இருந்திருந்தால் கேட்டிருக்காது.

"அந்தப் பொண்ணு எப்படி நடந்தான்னு துண்டை வயித்துல வெச்சிட்டு நடந்து காட்டுனாங்க மேடம். நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். கேட்டா ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பாங்க. ஆனா அதுக்கப்புறம் என்னை எப்பப் பாத்தாலும் அவ மாதிரிதான் தெரிவேன். அது என்னால முடியாது."

நீதிபதி அதற்கு மேல் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. இது உன் முடிவா, அம்மா சொன்னதா, அந்தப் பையன் சொன்னதா என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் என் முடிவு என்றாள். என்ன செய்வார்கள், உடம்புக்கு என்ன ஆகலாம் என்று டாக்டர் விளக்கினாரா என்று கேட்டார். விளக்கினார்கள் என்றாள். மனம் மாறினால் கடைசி நிமிடத்தில்கூட வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, அப்போது இந்த உத்தரவைக் காட்டி யாரும் உன்னை வற்புறுத்த முடியாது என்றார். சரி மேடம் என்றாள். பிறகு டைப் அடிக்கும் சத்தம். நீதிபதி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, "மனுதாரரின் தந்தையின் கையெழுத்து தேவையில்லை" என்ற வரி வென்டிலேட்டர் வழியாகத் தெளிவாக வந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாழ்வாரத்துக் காவலுக்கு இருந்த பெண் போலீஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கதைகளுக்கு நீதிமன்றத்தில் முதல் ரசிகை அவள்தான்.

"என்ன வெண்கலம், மூஞ்சி தொங்கிக் கிடக்கு? உள்ள என்ன கேஸு? வீட்டுக்குக் கதை கிடைச்சாச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றார். "சொத்துத் தகராறு."

"பள்ளிக்கூடத்துப் பையைத் தூக்கிட்டுச் சொத்துத் தகராறா? யாருகிட்ட கதை விடுறீங்க?"

கதவு திறந்தது. வக்கீலம்மா முன்னால் வந்தார், கையில் மூடிய கவர். பின்னால் மகள். பெண் போலீஸ் அவளை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகிறவள் காதில் விழும்படியே சொன்னாள்: "இன்னும் பால்குடியே மறக்கல, அதுக்குள்ள கோர்ட்டு வாசப்படி ஏறியாச்சு. பெத்தவன் எங்க தலைய வெச்சுக்குவான்?"

மகளின் நடை ஒரு நொடி நின்றது. அவள் திரும்பவில்லை. ஆனால் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அது அவருக்குத் தெரிந்தது. இது என் பொண்ணு, வாயை மூடு என்று சொல்ல வேண்டும். மொத்தம் ஐந்தே சொல். அவர் வாயைத் திறந்தார்.

"எண் பதினஞ்சு! பதினஞ்சு வரலாம்!"

மகள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு மீதி எண்களை அவர் எப்படிக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்குப் போகக் கால் வராமல் பூங்கா பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மனைவி மெஷின் முன்னால் இருந்தாள், தைக்கவில்லை. மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்று கேட்டார். கத்த வேண்டும் என்றுதான் வந்தார். காற்றுதான் வந்தது.

"பதினெட்டு நாள்."

"பதினெட்டு நாளா நீ என் பக்கத்துல படுத்திருந்த. எனக்குச் சோறு போட்ட. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"தோணாம இருக்குமா? மூணு தடவை வாயெடுத்தேன். ரெண்டு தடவை பயந்து விட்டுட்டேன். மூணாவது தடவை, 'ஏங்க, ஒரு விஷயம்'னு ஆரம்பிச்சேன். நீங்க 'இரு இரு, இதைக் கேளு முதல்ல'ன்னு அன்னைக்கு வந்த கேஸைச் சொல்ல ஆரம்பிச்சீங்க." அவள் கையிலிருந்த நூலைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அதுக்கு மேல எனக்குச் சொல்ல வரல."

"அந்தப் பையன்?"

"கூடப் படிக்கிற பையன்தான். அவனுக்கும் இவ வயசுதான். விஷயம் தெரிஞ்சதும் அவங்க வீட்டுல ஊரையே மாத்திட்டுப் போயிட்டாங்க. அந்தப் பேச்சை இப்ப எடுக்காதீங்க. வக்கீலம்மா பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. நீங்க வரணும்னு இல்ல."

வரக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மகளின் கதவு முன்னால் போய் நின்றார். தட்டக் கையை ஓங்கியவர், என்ன சொல்வது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார். வாய் கிழியப் பேசுகிற மனிதருக்கு ஒரு மன்னிப்பு கேட்கச் சொல் கிடைக்கவில்லை.

காலையில் அவர்கள் ஆட்டோவில் போனார்கள். அவர் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் பின்னாலேயே போனார். ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் கணினி முன்னால் இருந்தாள். மகள் பெயரைச் சொன்னார்.

"நீங்க யாரு சார்?"

"அப்பா."

"அப்படி யாரும் இங்க வந்திருக்காங்களான்னு என்னால சொல்ல முடியாது சார்."

"நான் அவ அப்பாம்மா. பெத்தவன்."

"தப்பா எடுத்துக்காதீங்க. பேஷண்ட் யார் பேரைக் குடுத்திருக்காங்களோ அவங்ககிட்ட மட்டும்தான் பேசணும். சின்னப் பொண்ணுங்க விஷயம்னா இருக்காங்க, இல்லைன்னுகூடச் சொல்லக் கூடாது. ரூல் அப்படி."

அவள் முகத்தில் ஏளனம் இல்லை. இவர் போனதும் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சாய்ந்து பேசவும் இல்லை. அடுத்து வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒரு ரகசியத்தை இப்படித்தான் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இத்தனை வயசு ஆகியிருந்தது. வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் ஒரு சிமெண்டுத் திண்டில் போய் உட்கார்ந்தார். வெயில் கால்வரைக்கும் வந்து, பிறகு முட்டிவரைக்கும் ஏறியது.

மூன்று மணிக்கு அவர்கள் வெளியே வந்தார்கள். மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, எண்ணி எண்ணி அடி வைத்து நடந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"எப்ப வந்தீங்க?"

"காலையிலயே."

"சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று தலையாட்டினார். "வலிக்குதாம்மா?"

"கொஞ்சம்."

ஆட்டோவில் அவளும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது மகள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்னப்பா ஆச்சு?"

"எந்தப் பொண்ணு?"

"இருபத்தேழு."

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் நடை தெரியும். அவள் அப்பாவின் முகம் போன போக்கு தெரியும். பிள்ளை பெற்றாளா, வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா, பள்ளிக்கூடம் போகிறாளா, உயிரோடு இருக்கிறாளா? ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"தெரியலம்மா" என்றார்.

மகள் தலையசைத்தாள். 

திங்கட்கிழமை காலை, நீதிமன்றம் கூடுவதற்கு முன்னால், அவர் நீதிபதியின் அறைக்குள் போய் நின்றார். கோப்பு படித்துக்கொண்டிருந்த நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்களே வருவீங்கன்னு நினைச்சேன். வரலைன்னா நான் கூப்பிட்டிருப்பேன்."

"அந்தக் கண்ணாடி உடைஞ்சிருக்கும்மா" என்று வென்டிலேட்டரைக் காட்டினார். "உள்ள பேசுறதெல்லாம் வெளிய கேக்கும். ஸ்டூலைத் தள்ளிப் போட்டுட்டுக் கேப்பேன். இன்னிக்கு நேத்து இல்ல. பல வருஷமா."

"எத்தனை கேஸ்?"

"எண்ணிக்கை இல்லம்மா."

"அன்னைக்கு உங்க பொண்ணு பேசினதையும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

நீதிபதி வெகுநேரம் அவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அவங்க எல்லாரும் என்னை நம்பி இந்த ரூமுக்குள்ள வந்தாங்க" என்றார் கடைசியில். "பெத்தவங்ககிட்ட சொல்ல முடியாததை என்கிட்ட சொன்னாங்க. இதை நான் எப்படிச் சரி பண்றது, சொல்லுங்க."  எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் விசாரணை நடந்து, அவரைக் கீழ்த்தளத்துப் பதிவறைக்கு மாற்றினார்கள். வென்டிலேட்டரைப் பலகை வைத்து அடைத்தார்கள்.

மாற்றல் எதற்கு என்று ஆளுக்கொரு காரணம் பேசிக்கொண்டார்கள். பெண் போலீஸ் நேரே பதிவறைக்கே வந்துவிட்டாள். "என்ன வெண்கலம், மேல உங்க சத்தம் இல்லாம ஊமைப்படம் பாக்குற மாதிரி இருக்கு. என்னதான் ஆச்சு?"

பதினெட்டு நாள் மனைவியும், அதற்கும் மேலாக மகளும் அடக்கி வைத்திருந்ததை நினைத்தார். எதைச் சொல்வது, எதை விடுவது என்று இப்போதெல்லாம் அவருக்கு நிதானித்துத்தான் வாய் திறக்க வருகிறது. மகளின் ரகசியத்தை உடைக்க அவருக்கு உரிமையில்லை. அன்றைக்கு வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொன்னால் அது அவளுக்காகச் சொன்னதாகவும் ஆகாது. தன் பாரத்தை இறக்கி வைப்பது, அவ்வளவுதான்.

"ஒட்டுக் கேட்டேன். மாட்டிக்கிட்டேன்" என்றார். "இனிமே அந்த மாதிரிப் பொண்ணுங்க யாரு வந்தாலும் ஒண்ணும் சொல்லாதம்மா. அவங்க காதுல விழும்."

அவள் ஏதோ சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் மூன்று பேரும் சேர்ந்தேதான் சாப்பிட்டார்கள். பேச்சு மட்டும் இல்லை. கரண்டிச் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும்தான். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி அருகில் இருக்கும்போதே அவர் மகளிடம், "நான் அன்னைக்கு உன்னைத் தெரியாத மாதிரி நின்னது தப்பும்மா. அதுக்கு முன்னால செஞ்சதும் தப்பு" என்றார். பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். வெளியே வந்தபோது மிகவும் சின்னதாக இருந்தது. மகள் "ம்" என்றாள். மன்னித்தாளா என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. கேட்கக் கூடாது என்றும் புரிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் அறையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, இந்த ஃபேன் டக்டக்குன்னு அடிச்சிக்குது. படிக்கவே முடியல. வந்து பாருங்க."

அவர் ஓடினார். நாற்காலியைப் போட்டு ஏறி, மரை கழன்றிருந்ததை முடுக்கினார். நாற்காலி ஆடாமல் மகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிட வேலை. அவர் இன்னும் கொஞ்சம் நேரம், துடைக்க வேண்டியதே இல்லாத இறக்கைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.